ஞானசிகாமணி சாரும் ஐஸ் ரூம் கதவும்

செய்தியைச் சொன்னது செலின். நான் ஆத்தூரிலிருந்து தூத்துக்குடிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முத்தையாபுரத்தில் அவள் ஏறினாள். என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவரை நகரச் சொல்லி உட்கார்ந்தாள்.

"நம்ம மேனேஜர் போயிட்டாவ, டீச்சர். நாசரேத்துல. நேத்தே அடக்கம் முடிஞ்சிட்டாம்."

"ஞானசிகாமணி சாரா?"

"வேற எந்த மேனேஜருக்கு நான் உங்ககிட்ட வந்து சொல்லப்போறேன்?"

டிக்கெட் வாங்கினாள். உப்பு ஏற்றிய லாரி ஒன்று எங்களை முந்திப் போனது. கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னாள்: "அழுகை வரல. சும்மாவும் இருக்க முடியல. என்னமோ செய்யிது."

அதைவிடச் சரியாக அவரைப் பற்றி என்னால் எழுத முடியாது. இருந்தாலும் எழுதுகிறேன். அவரிடம் வேலை பார்த்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் பலருக்கு அவர் நல்லவர். சிலருக்கு அப்படியில்லை. செலின் இரண்டு பக்கத்திலும் இருந்திருக்கிறாள்.

துறைமுகச் சாலையில் இருந்த இறால் கம்பெனிக்கு அவர் மேனேஜர். விலங்கியல் பட்டம் முடித்து, மேற்படிப்புக்குப் போவதற்கு முன் நான் அங்கே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஆய்வுக்கூடம் என்றால் ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஜன்னல். இறால் உரிக்கும் பெண்கள் என்னை டீச்சர் என்றார்கள். இஸ்திரி போட்ட சேலையும் பேனாவும் இருந்தால் அவர்களுக்கு டீச்சர்தான்.

வேலைக்கு எடுத்தபோது அவர் கேட்ட கேள்விகளில் இறாலைப் பற்றி ஒன்றும் இல்லை. அப்பா என்ன செய்கிறார். எந்த பஸ்ஸில் வருவாய். கூட யார் வருவார்கள். கடைசியில், "ஆம்பளைக நடமாடுற இடம். ஒனக்கு ஒரு மறைப்பு போட்டுத் தாரேன்" என்றார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேசையைச் சுற்றிப் பலகைத் தடுப்பு எழும்பியிருந்தது. ஜன்னல் தடுப்புக்கு வெளியே போய்விட்டது. மைக்ராஸ்கோப்புக்கு வெளிச்சம் வேண்டும் என்று சொன்னேன். ஒரு பல்பு வாங்கித் தந்தார்.

அன்பில்லாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. பெண்கள் சாப்பிடத் தனி இடம் கட்டிக்கொடுத்தார். வேலை முடிந்ததும் அவர்களை பஸ் ஏற்றிவிட வாச்மேனை அனுப்புவார். பஸ் வர நேரமானால் தானே போய் நிறுத்தத்தில் நிற்பார், குடையை ஊன்றிக்கொண்டு. பெண்கள் அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமாக நிற்பார்கள். "என் கம்பெனியில அப்படி எதுவும் நடக்காது" என்று அடிக்கடி சொல்வார். வேலைக்குப் பெண்ணைக் கொண்டுவந்து விடும் தாய்தகப்பனிடம் சொல்வார். முதலாளியிடம் சொல்வார். எது நடக்காது என்று சொன்னதில்லை. அதன் பெயரை வாயால் சொல்வதே அசிங்கம் என்று நினைத்தவர்.

இன்னொன்றும் சொல்வார்: "ஒழுங்கா நடக்கிற பொம்பளைய எவனும் ஏறெடுத்துப் பாக்கமாட்டான்." அதையும் அன்போடுதான் சொன்னார்.

அந்தக் கொட்டகையைப் பார்க்காதவர்களுக்காக ஒரு விளக்கம். இறாலைக் கொட்டி ஐஸ் போட்டு, நீள மேசைகளின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்று உரிப்பார்கள். உரித்ததை அலுமினியத் தட்டில் நிரப்பி, அவரவர் தட்டை அவரவரே ஐஸ் ரூமுக்கு எடுத்துப்போக வேண்டும். தராசு அந்த அறைக்குள் இருந்தது. எடைக்குத்தான் கூலி. எடை போடுகிறவன் துரைப்பாண்டி; பெண்களுக்கு அண்ணாச்சி. கதவு ஒரு சாண் தடிமன். குளிர் வெளியே போகக்கூடாது என்பதால் ஒரு நேரத்தில் ஒருத்தி மட்டும் உள்ளே போகலாம், போனதும் கதவு சாத்தியாக வேண்டும். இது இறாலுக்காகப் போட்ட விதி.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பெண், ஒரு ஆண், சாத்திய கதவு. யாரும் கெட்ட எண்ணத்தோடு அப்படி அமைத்ததல்ல. வருஷக்கணக்காக அப்படியே நடந்தது.

பெண்கள் அதை நேரடியாகப் பேசமாட்டார்கள். சுற்றி வருவார்கள். மேசையில் மூத்தவள் லூர்தம்மா. "ஏளா, இன்னைக்கி அண்ணாச்சி எண்ணெய் தேச்சு வகிடு எடுத்திருக்காரு. தட்ட நெஞ்சுக்கு நேரா பிடிச்சிட்டுப் போ" என்பாள்.

"ரெண்டு கட்டி ஐஸும் சேத்து எடுத்துட்டுப் போறேன், அக்கா. கிட்ட வந்தா சட்டைக்குள்ள போட்டுருதேன்."

"போடு. அதுக்கும் சேத்து எடை போடச் சொல்லு."

சிரிப்பு மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும். மேனேஜர் கொட்டகைக்குள் வந்தால் நின்றுவிடும். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அருள்மேரி புதிதாகச் சேர்ந்தவள். இருபது வயது கடந்திருக்கும். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஐஸ் ரூமுக்குத் தட்டோடு போனவள் தட்டில்லாமல் வெளியே வந்தாள். மேசைக்குத் திரும்பவில்லை. குழாயடியில் நின்று கை கழுவினாள். வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள் அம்மா கம்பெனி வாசலில் நின்றாள்.

சார் அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி வரவழைத்து, பொறுமையாகக் கேட்டார். சாயங்காலமே உத்தரவு வந்தது. இனிமேல் கல்யாணமாகாத பெண்கள் ஐஸ் ரூமுக்குப் போகவேண்டாம். அவர்கள் தட்டையும் கல்யாணமானவர்கள் எடுத்துப் போகட்டும்.

தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்து என்னிடமும் சொன்னார். "கழுத்துல தாலியப் பாத்தா எவனுக்கும் ஒரு பயம் இருக்கும்லா. முடிஞ்சிபோச்சி விஷயம்."

துரைப்பாண்டியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அருள்மேரி பெயர் வெளியே வரும், கல்யாணப் பேச்சு நின்றுபோகும் என்று பயந்தார். அது பொய்யான பயம் அல்ல. ஆனால் அவர் மனதில் ஆபத்து என்பது பெண்ணோடு கூடவே வருகிற ஒன்று. சின்னப் பெண் என்றால் கூடுதலாக வரும். பெண்ணை இடம் மாற்றி வைத்தால் ஆபத்தும் அகன்றுவிடும். அந்த யோசனைக்குள் துரைப்பாண்டி வரவே இல்லை. அவன் இருந்த இடத்திலேயே இருந்தான், தராசுக்குப் பின்னால்.

அருள்மேரியின் அம்மா சாரைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

செலினின் கணவர் தோணியில் போகிறவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் பாய்மரத் தோணி. போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டார். கல்யாணமானவள் என்பதால் அவளுக்கு இப்போது மற்றவர்களின் தட்டும் சேர்ந்தது. முன்னைவிட அதிகத் தடவை அந்தக் கதவுக்குள் போனாள். சார் யோசித்தது இதுதான்: கல்யாணமானவள் வீட்டில் ஒரு ஆண் இருக்கிறான், அது துரைப்பாண்டிக்குத் தெரியும். செலின் வீட்டில் இப்போது ஆண் இல்லை என்பதும் துரைப்பாண்டிக்குத் தெரியும்.

ஒரு முற்பகலில் அந்தக் கதவு திறந்தது. குளிர்ப்புகை தரையோடு வந்தது. பிறகு துரைப்பாண்டி, நெற்றியைப் பொத்திக்கொண்டு. விரலிடுக்கில் ரத்தம். அவனுக்குப் பின்னால் செலின். கையில் காலித் தட்டு. அதன் விளிம்பு வளைந்திருந்தது. உள்ளே தரை முழுக்க இறால்.

கொட்டகையில் உரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. லூர்தம்மா மட்டும் தலையைத் தூக்காமல், "கம்பெனித் தட்டுளா அது, பாத்து" என்றாள்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. ஆண்கள் இருக்கும் அறையில் ஒரு பெண்ணைத் தனியாக நிறுத்தக்கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் என்னைக் கூப்பிட்டு ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். கதவைத் திறந்தே வைத்தார். செலின் நின்றாள்.

"கல்யாணமானவ நீ. உங்கிட்ட எப்படி அவன்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"அத அவர்கிட்டலா கேக்கணும், சார்."

"நீ எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசுவியாமே."

"பேசுவேன். உங்ககிட்டதான் பேசுறதில்ல. நீங்க சிரிக்கமாட்டீய."

சார் என்னைப் பார்த்தார். நான் மேசையிலிருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தேன்.

"கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கெடையாது, சார்" என்றாள் செலின். "அவர் தொறந்துவிட்டாத்தான் வெளிய வர முடியும்."

"கதவ விடு. விஷயத்துக்கு வா."

"அதத்தான் சொல்லுதேன்."

"ஒம் புருஷன் வரட்டும். அவர வச்சுப் பேசிக்கிடலாம். அதுவரைக்கும் வீட்டுல இரு. ஒன் நல்லதுக்குத்தான்."

"அவுக எப்ப வருவாகன்னு காத்தத்தான் கேக்கணும். இங்கன வேல பாக்குறது நானு. நான் வீட்டுல இருந்தா பிள்ளைக என்னத்தத் திங்கும்?"

துரைப்பாண்டிக்குத் தையல் போட ஆஸ்பத்திரிக்கு கம்பெனி ஜீப் போனது. செலின் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனாள்.

அவள் போனபிறகு என்னிடம் சொன்னார்: "வெளிய தெரிஞ்சா அவளுக்குத்தானம்மா கேவலம். நான் அவளக் காப்பாத்துதேன்."

பொய் சொல்லவில்லை. முழு மனதோடு நம்பினார். எனக்கு அப்போது பயமாக இருந்தது.

மறுநாள் படகு வந்தது. பெண்கள் எப்போதும்போல் உரித்தார்கள். தட்டுகள் நிறைந்தன. யாரும் உள்ளே எடுத்துப் போகவில்லை. ஐஸ் ரூம் கதவுக்கு முன்னால் தரையில் வரிசையாக வைத்துவிட்டு நின்றார்கள். கோஷம் இல்லை. அங்கே சங்கமும் கிடையாது. முதல் தட்டை வைத்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் ஒவ்வொருத்தியும் பக்கத்திலிருப்பவளைக் காட்டினாள். ஐஸ் உருகிச் சாக்கடைக்கு ஓடியது. அந்த வெயிலுக்கு இறால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

சார் வந்தார்.

"அந்த ஆளே இன்னைக்கு இல்லையேம்மா. லீவுல இருக்கான். இப்ப என்ன பயம்?"

"ஆளு இல்ல. ரூம் இருக்குல்லா" என்றாள் லூர்தம்மா.

"ரூம் என்ன செய்யும்? நான் தெனமும் போய்ட்டுதான வாரேன்?"

அது உண்மை. தினமும் போவார். துரைப்பாண்டி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பான். சார் உள்ளே ஒரு சுற்று பார்த்துவிட்டு வருவார். அவர் உள்ளே இருக்கும்போது அந்தக் கதவு ஒருநாளும் சாத்தப்பட்டதில்லை.

குனிந்து ஒரு தட்டை எடுத்தார். வெள்ளைச் சட்டையில் இறால் தண்ணீர் சொட்டியது. ஒரு கையால் கதவை இழுத்து உள்ளே போனார். கனத்தில் அது தானாகவே சாத்திக்கொண்டது.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தட்டும் சத்தம். கதவின் தடிமனுக்கு, அடுத்த தெருவில் யாரோ எதையோ தட்டுவதுபோல் இருந்தது. நான் தடுப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

"தொறக்கவா, அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கொஞ்சம் தட்டட்டும்" என்றாள் லூர்தம்மா.

யாரும் சிரிக்கவில்லை. தட்டுவது வேகமாயிற்று. அருள்மேரிதான் போய்த் திறந்தாள்.

வெளியே வந்தவருக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து கண் தெரியவில்லை. கழற்றித் துடைத்தார்.

"கைப்பிடி எங்க?"

"அண்ணாச்சி கழத்தி மடியில வச்சிருக்காவ, சார்."

"எப்பயிருந்து?"

"நாங்க வந்த நாள்லேருந்து அங்கனதான் இருக்கு."

"ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?"

அருள்மேரி பதில் சொன்னாள். அவள் அவரிடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "செலினக்கா நேத்து சொன்னாவளாமே, சார்."

அவர் மனம் மாறியது என்று எழுத எனக்கு ஆசைதான். மனதுக்குள் நடந்தது எனக்குத் தெரியாது. வெளியே நடந்தது தெரியும். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு சுமைதூக்குகிற இரண்டு பேரைக் கூப்பிட்டு, "தராச வெளிய தூக்குங்க" என்றார். கொட்டகைக்கு நடுவில், மேசைகளுக்கு இடையில், எல்லோரும் பார்க்கும்படி வைக்கச் சொன்னார்.

"இறால் எளகிப்போவுமே, சார்."

"ஐஸ் கூடப் போடு."

முதலாளி போனில் கத்தியது தடுப்பைத் தாண்டி எனக்குக் கேட்டது. சார் முதலாளியிடம் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். அன்று தமிழில் சொன்னார். "நான் உள்ள மாட்டிக்கிட்டேன், சார். கொஞ்ச நேரந்தான்." நிறுத்தினார். "எடை இனிமே வெளியதான்."

தராசு வெளியே வந்துவிட்டது. செலின் வரவில்லை. வாச்மேனை அனுப்பிக் கூப்பிட்டார். முடியாது என்று சொல்லி அனுப்பினாள். பிறகு என்னை அனுப்பினார். அவள் வீட்டு வாசலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி எங்கள் பேச்சைக் கேட்கும் தூரத்தில் நின்று ஒரே இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். செலின் அவளுக்கும் கேட்கும்படியே பேசினாள்.

"என்ன எதுக்கு வீட்டுக்கு அனுப்பினாவன்னு தெருவுல ஆளுக்கொரு கத வச்சிருக்காவ, டீச்சர். எதுக்குத் திரும்பக் கூப்பிடுதாவன்னு அவர் வாயால சொல்லட்டும். கொட்டகையில, எல்லார் முன்னாலயும். அப்பதான் வருவேன்."

அப்படியே போய்ச் சொன்னேன். "அதெல்லாம் எப்படிம்மா பேசறது, பொம்பளைக முன்னால?" என்றார். கேள்வி நிஜமானது. அத்தனை பெண்களைக் காப்பாற்ற நினைத்தவருக்கு, எதிலிருந்து காப்பாற்றுகிறோம் என்பதை அவர்களிடமே சொல்லக் கூச்சமாக இருந்தது. சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் என் தடுப்பருகே வந்து நின்று, என்னைப் பார்க்காமல், "வரச் சொல்லு" என்றார்.

அவள் வந்த நாளைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குப் பிந்தியவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவரை இருந்ததைவிடப் பெரியவராக்கி விடுவேன்.

தையல் பிரித்துத் திரும்பிய துரைப்பாண்டியை அவர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. லாரி ஏற்றும் பக்கம் மாற்றினார். "அவனுக்கும் பிள்ளகுட்டி இருக்கு" என்றார். "எனக்கும்தான் இருந்திச்சு, என்ன வீட்டுல இருக்கச் சொன்னப்ப" என்றாள் செலின். என் தடுப்பு நான் விலகும்வரை இருந்தது. நான் பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன் என்றதும், படிப்பு முடிந்தால் கல்யாணத்தைத் தள்ளிப்போடாதே என்றார்.

ஆனால் பெண்கள் அவர் அறைக்கு வரத் தொடங்கினார்கள். லாரிக்காரன், வாச்மேன், ஐஸ் உடைக்கிறவன் என்று யாராவது ஒருவனைப் பற்றிச் சொல்ல. நான் பார்த்திருக்கிறேன். முதலில் அவர் வாயில் பழைய கேள்விதான் வரும்: "நீ என்ன செஞ்சே?" உடனே கையை அசைத்து அதை அழித்துவிட்டுக் கேட்பார்: "சரி, அவன் என்ன செஞ்சான்?" கடைசிவரை இரண்டு கேள்வியும் அந்த வரிசையில்தான் வந்தன.

அவருடைய மகள் வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். ஒரு மதியம் சம்பந்தமில்லாமல் என்னிடம் கேட்டார்: "ஆஸ்பத்திரில மருந்து வைக்கிற ரூம் இருக்கும்லா. அதுக்கு உள்ள கைப்பிடி இருக்குமா?" தெரியாது என்றேன். "அவகிட்ட எப்படிக் கேக்க?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

அவர் ஓய்வு பெற்று நாசரேத்துக்குப் போனபிறகு வந்த மேனேஜர் இளைஞர். நிர்வாகம் படித்தவர். சரக்கின் தரம் கெடுகிறது என்று தராசை மறுபடி உள்ளே வைத்தாராம். தட்டுகள் மறுபடி தரைக்கு வந்தன. சாயங்காலத்துக்குள் தராசு வெளியே வந்துவிட்டது. பஸ்ஸில் செலின் இதைச் சொல்லிவிட்டு, "அந்தப் பயலுக்கு ஐஸ் ரூமுக்குள்ள போற வேலகூட வைக்கல" என்றாள்.

இனி அந்த நாள்.

காலையில் செலின் வந்தாள். மேசைக்குப் போகாமல் கொட்டகை வாசலிலேயே நின்றாள். சார் தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பெண்களைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"துரைப்பாண்டி செலின்மேல கை வச்சான். அது அவன் செஞ்ச தப்பு. செலின் அடிச்சது தப்பில்ல. அவள வீட்டுக்கு அனுப்பினது நான் செஞ்ச தப்பு. இனிமே யாருக்கு இப்படி நடந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லணும். சொன்னவள நான் வீட்டுக்கு அனுப்பமாட்டேன்."

காது சிவந்திருந்தது. முடித்ததும் தன் அறைக்குத் திரும்பினார்.

"சார்" என்றாள் செலின்.

நின்றார்.

"பின்னால நிக்கிறவளுகளுக்குக் கேக்கல."

கேலி செய்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தார். இல்லை. கொட்டகை நீளமானது. ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும்விட இளையவர்கள் அங்கேதான் நின்றார்கள், அருள்மேரியும்.

சார் மெஷினை நிறுத்தச் சொன்னார். கொட்டகையின் நடுவுக்கு நடந்து வந்தார். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. முதலிலிருந்து, ஒரு வார்த்தை குறைக்காமல், உரக்கச் சொன்னார்.

செலின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

அவருடைய நல்ல குணங்களை நீங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றாக வைத்திருப்பீர்கள். நான் வைத்திருப்பது, மெஷின் நின்றபிறகு அவர் அதை மறுபடி சொன்ன அந்தக் குரல்.